மோதலே இல்லாமல் மடிந்த முழங்கால்

இன்று இறகுப்பந்து ஆட்டத்தில் எம்பி அடித்துவிட்டு ஒற்றைக் காலில் இறங்கிய நண்பரின் முழங்கால், பாதம் தரையில் ஊன்றியபடி இருக்க, ஒரு கணம் உட்புறமாக மடிந்தது.

அவர் மீது யாரும் மோதவில்லை.

முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இணைக்கும் முன் சிலுவைத் தசைநார் (ACL) பெரும்பாலும் இப்படித்தான், தரையிறங்கும்போதோ சட்டென்று திரும்பும்போதோ கிழிகிறது. வாரமெல்லாம் நாற்காலியில் அமர்ந்துவிட்டு நேரே களத்தில் குதிக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத் தொடையும் இடுப்பும் வலுவிழந்திருப்பதால், மூட்டின் மீது கூடுதல் சுமை விழுகிறது.

காயங்களைத் தடுக்க, ஆட்டத்துக்கு முன் கால்பந்து வீரர்கள் செய்யும் ‘ஃபிஃபா 11+’ என்ற உடற்பயிற்சித் தொகுப்புக்கு ஏறத்தாழ 20 நிமிடங்கள் போதும். அதில் எனக்கு முக்கியமாகப் படுவது, முழங்கால் உள்ளே சாயாமல் மெதுவாகத் தரையிறங்கப் பழகுவதுதான். அதை ஒழுங்காகச் செய்த அணிகளில் காயங்கள் குறைந்திருக்கின்றன.

வீக்கத்தின் மேல் பனிக்கட்டியை வைத்தபடி, “அடுத்த ஆட்டத்துக்கு வரலாமா?” என்று கேட்டார் நண்பர். முதலில் மருத்துவரைப் பார்ப்போம் என்று அழைத்துச் சென்றேன்.