நாய்க்குப் பாம்பு கடித்தால் மாட்டுக்காரரிடம் கேளுங்கள்

எங்கள் நாய் ஜிம்மிக்குப் புடையன் பாம்பு கடித்தது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். காலபோக அறுவடை நேரம். எலிக்காக வயலுக்குள் கிடக்கும் பாம்பு, மெஷின் இறங்கியதும் வரம்புக்கும் வைக்கோலுக்கும் ஒதுங்கும் என்பது வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜிம்மி மோந்து பார்க்கப் போய் மூஞ்சியிலேயே வாங்கிவிட்டது.

பாம்பைத் தம்பி தூர நின்று போனில் படம் எடுத்தான். அது பின்னால் பெரிய உதவியாக இருந்தது. அடித்துப் பையில் போட்டுக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. மற்றவர்கள் கயிறு கொண்டு வா, பிளேட் கொண்டு வா என்று நின்றார்கள். மூஞ்சியில் கடித்ததற்கு எங்கே கட்டுவது, கழுத்திலா? நான் செய்தது ஒன்றே ஒன்று, கழுத்துப் பட்டியைக் கழற்றினேன். கொஞ்ச நேரத்தில் முகம் வீங்கித் தாடை வரைக்கும் இறங்கிவிட்டது. பட்டி கிடந்திருந்தால் மூச்சே நின்றிருக்கும்.

முதல் ஓட்டோக்காரர் பல்முரசிலிருந்து வடிந்த இரத்தத்தைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். அடுத்தவர், உரப்பை விரித்தால் வருகிறேன் என்றார். ஏற்றிக்கொண்டு அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஓடினோம்.

அங்கேதான் எனக்கு இன்னும் ஆறாத இடம். மேசையில் இருந்த தம்பி நாயை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"டொக்டர் ஃபீல்டுக்குப் போட்டார் அக்கா. திங்கக்கிழமை வாங்கோ."

"திங்கக்கிழமை வரைக்கும் இது இருக்காது தம்பி. பாம்பு கடிச்சிருக்கு."

"விசர் ஊசி போட்ட அட்டை இருக்கா? அட்டை இல்லாட்டில் பதிய ஏலாது."

அட்டை வீட்டில் இருந்தது. பாம்பு கடித்த நாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் எந்த அட்டையைத் தேடுவார்? டொக்டரின் நம்பரையாவது தாருங்கள் என்றேன். அது அவருடைய சொந்த நம்பர், கொடுக்க ஏலாதாம். அலுவலக நேரம் 8.30 முதல் 4.15 வரை என்று சுவரில் அழகாக எழுதியிருந்தார்கள். நேரம் முடிந்தால் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு வரி கூட இல்லை.

நம்பர் கிடைத்தது ஓட்டோக்காரர் புண்ணியத்தில். அவர் நேரே பால் சேகரிக்கும் இடத்துக்கு விட்டார். பால் எடுக்கும் ஐயா ஒரு வார்த்தை கேட்காமல் போனை எடுத்து டொக்டருக்கு அடித்துத் தந்தார். எங்கள் பக்கம் மிருக வைத்தியம் முழுக்க மாட்டைச் சுற்றித்தான் நடக்கிறது: சினை ஊசி, கால்-வாய் நோய்த் தடுப்பூசி, கன்று ஈன முடியாத பசு. டொக்டரின் நம்பர் பால்காரரிடமும் மாட்டுப் பட்டிக்காரரிடமும் இருக்கும். நாய், பூனை வளர்ப்பவர்கள் இன்றைக்கே அவர்களிடம் போய் அதை வாங்கி வையுங்கள்.

டொக்டர் காட்டோரம் ஒரு பட்டியில் ஊசி போட்டுக்கொண்டு நின்றார். மாடுகள் கத்துவது போனில் கேட்டது. ஆனாலும் நிதானமாகச் சொன்னார்: நாயை நடக்க விடாதேங்கோ. நோ குறைய எண்டு டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் ஒண்டும் குடுக்காதேங்கோ, இரத்தக் கசிவு கூடும், சிறுநீரகமும் போகும். என்னட்டை அன்ரிவெனம், பாம்பு விஷத்தை முறிக்கிற மருந்து, இல்லை. யாழ்ப்பாணத்தில தனியார் கிளினிக்குகளுக்கு முதல் போன் பண்ணிக் கையிருப்பைக் கேட்டிட்டு வெளிக்கிடுங்கோ. ஒரு குப்பிதான் இருக்கெண்டால் அடுத்த இடத்துக்கும் கேளுங்கோ. மருந்து நாயின்ட நிறைக்கில்லை, ஏறின விஷத்துக்கு. சின்ன நாயெண்டு குறையாது.

பெரியாஸ்பத்திரியில் கேட்டுப் பார்க்கச் சொன்னவர்களும் உண்டு. மனிசருக்கு வைத்திருக்கும் மருந்து, தரமாட்டார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இரண்டாவதாக அடித்த கிளினிக்கில் இருந்தது. பரந்தன், ஆனையிறவு, ஏ-9 வீதி, போய்ச் சேர்ந்தோம்.

கிளினிக் டொக்டர் முதலில் கொஞ்சம் இரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் மேசையில் வைத்தார். 20 நிமிடம் கழித்துச் சரித்தார். இரத்தம் தண்ணீராக ஓடியது. உறையவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம். தம்பி எடுத்த படத்தையும் பார்த்துத் தலையாட்டினார். நமக்கு வரும் அன்ரிவெனம் இந்தியாவில் செய்வது. நாகம், புடையன், சுருட்டை, கட்டுவிரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். குப்பிக்குள் வெள்ளைத் தூளாக இருக்கும், தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும். ஆள் குறைவு என்று ஒரு குப்பியை என் கையில் தந்தார். "குலுக்காதேங்கோ, நுரைச்சுப் போகும். உள்ளங்கையில வைச்சு உருட்டுங்கோ." உருட்டிக்கொண்டே இருந்தேன். கரைவதாகக் காணோம். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசியை முன்கூட்டியே நிரப்பிப் பக்கத்தில் வைத்திருந்தார். நல்லவேளை, தேவைப்படவில்லை.

6 மணித்தியாலம் கழித்துத் திரும்பவும் குழாய். இந்தமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினார். இரத்தம் அடியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. எனக்கு அந்த இடத்திலேயே கதிரையில் இருக்க வேண்டியதாகிவிட்டது.

பில் என் சீட்டுக் காசை அப்படியே விழுங்கியது. காசோடு போங்கள், மருந்து உடைத்தால் திருப்பித் தரமுடியாது.

கடி தப்பினாலும் சிறுநீரகம் பிறகு சோரலாம் என்பதால் வீட்டுக்கு வந்தும் மூத்திரத்தின் நிறத்தையும் அளவையும் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம். போனில் பேசிய அரச டொக்டர் வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் வந்து, மாமரக் கொப்பில் போத்தலைத் தூக்கிச் சேலைன் ஏற்றிவிட்டுப் போனார். காசு வாங்கவில்லை. அவரிடமே கேட்டேன், உங்கள் நம்பரை அலுவலகச் சுவரில் ஏன் எழுதக்கூடாது என்று. எழுதச் சொல்லித்தான் இருக்கிறேன் என்றார். அட்டை கேட்ட தம்பி இன்னும் எழுதவில்லை.