குழாயை எடுத்துவிட்டால் பாதி வாய்ப்பு போச்சா?

குழாயில் தங்கிய கர்ப்பத்துக்காகத் தங்கைக்கு வலது கருக்குழாயை எடுக்கும் ஆபரேஷன் முடிந்து செங்காங் வீட்டுக்கு வந்ததிலிருந்து, பார்க்க வருகிற அத்தனை பேரும் ஹார்லிக்ஸ் பாட்டிலை மேசையில் வைத்துவிட்டுக் கேட்பது இதைத்தான்: "குழாயைக் காப்பாற்றியிருக்கக் கூடாதா?" பெரியம்மா ஒரு படி மேலே போய், "இனிமே பாதி வாய்ப்புதானே" என்று அவள் காதுபடவே சொன்னார்.

இல்லை பெரியம்மா.

கரு கருப்பைக்கு வராமல், சினைப்பையிலிருந்து முட்டை வரும் குழாயிலேயே தங்கிவிடுவதுதான் எக்டோபிக். இவளுக்கு லேசான உதிரப்போக்கு, வலது பக்க அடிவயிற்றில் வலி, ஸ்கேனில் கருப்பை காலி. ரொம்ப ஆரம்பக் கர்ப்பத்திலும் காலியாகத்தான் தெரியும் என்பதால், பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையை 48 மணி நேரம் விட்டு மறுபடியும் செய்தார்கள். நன்றாக ஏறியிருக்க வேண்டிய எண் ஏனோதானோவென்று ஏறியிருந்தது. அப்புறம் எடுத்த ஸ்கேனில் சினைப்பைக்குப் பக்கத்தில் சின்ன வளையம், வயிற்றுக்குள் ரத்தம். குழாய் வெடிக்காமல், எச்சிஜி குறைவாக இருந்தால் மெத்தோட்ரெக்சேட் ஊசியிலேயே கரைக்கலாம். இவள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டாள், அன்றைக்கே லேப்ராஸ்கோபி, அதாவது சின்னத் துளை வழியாகச் செய்யும் ஆபரேஷன்.

குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுப்பது, குழாயையே எடுப்பது என்று இரண்டு வழி. கேட்டால் முதலாவதுதான் நல்லது போலத் தோன்றும். ஆனால் மறுபக்கக் குழாய் நன்றாக இருக்கும் பெண்களிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2014-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 3 வருடத்துக்குள் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் கீறி எடுத்தவர்களில் சுமார் 61 சதவீதம், குழாயை எடுத்தவர்களில் 56. புள்ளியியல்படி அது ஒரு வித்தியாசமே இல்லை. கீறி எடுத்தால் கருத்திசு கொஞ்சம் மிச்சமிருந்து மறுபடி ஊசி, ரத்தப் பரிசோதனை என்று அலைய நேரலாம், 100 பேரில் 7 பேருக்கு அப்படி ஆனது. மறுபக்கக் குழாய் பழுதாக இருந்தால் மட்டும் கணக்கே வேறு, அப்போது இருப்பதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார்கள்.

இவளுடைய இடது குழாயை டாக்டர் ஆபரேஷனிலேயே பார்த்துப் படமும் காட்டினார்: இளஞ்சிவப்பாக, நுனியில் விரல் விரலாக விரிந்து, ஒட்டுதல் எதுவும் இல்லாமல். வலது சினைப்பை முட்டையைக்கூட இடது குழாய் பிடித்துக்கொள்ளுமாம், எனக்கே அது புதுச் செய்தி.

எக்டோபிக் ஒரு தடவை வந்தவர்களுக்கு மறுபடி வர சுமார் 10 சதவீத வாய்ப்பு உண்டு. அதனால் அடுத்த முறை இரண்டு கோடு தெரிந்ததும் முதல் போன் கிளினிக்குக்கு, ஆறேழு வாரத்தில் ஸ்கேன். பெரியம்மாவுக்கு அதற்கப்புறம்தான்.