கைமாறிய பட்டறை: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 2

கையெழுத்தெல்லாம் முடிந்தது. பம்பு, கம்ப்ரசர் பழுதுபார்க்கும் பட்டறை இன்றிலிருந்து எங்களுடையது. நாங்கள் ஏற்கெனவே இதே தொழிலில் இருப்பதால் வேலை புதிதில்லை, ஆட்கள்தான் புதிது.

நாங்கள் வாங்கியது கம்பெனியின் பங்குகளை இல்லை. இயந்திரங்கள், சரக்கு, பெயர், வாடிக்கையாளர் பட்டியல் என்று சொத்துகளை மட்டும் வாங்கியிருக்கிறோம். பழைய கம்பெனியின் கடனும் வழக்கும் பெரும்பாலும் நம் தலையில் விழாது என்பதால் இப்படி வாங்குவது நல்லது. ஆனால் எந்த ஒப்பந்தமும் தானாக நம் பெயருக்கு வந்துவிடாது. கட்டட வாடகை, பராமரிப்பு ஒப்பந்தங்கள், சப்ளையர் தரும் கடன் தவணை என்று ஒவ்வொன்றுக்கும் எதிர்த்தரப்பின் சம்மதம் வேண்டும். கட்டடக்காரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

பகல் முழுக்கச் சாவி வாங்குவதிலேயே போனது. பூட்டுச் சாவியைவிட பாஸ்வேர்டுகள்தான் பெரிய பாடு. இணையதளப் பெயர் பழைய முதலாளியின் உறவினர் ஒருவருடைய சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது. ஓடிபி எல்லாம் பழைய முதலாளியான பெரியவரின் கைபேசிக்கே போகிறது. அவர் பக்கத்தில் இருக்கும்போதே ஒவ்வொன்றாக மாற்றிவிட்டோம்.

வங்கிக் கணக்கு மாறுவதை எல்லா வாடிக்கையாளருக்கும் பெரியவரே தன் எண்ணிலிருந்து அழைத்துச் சொல்கிறார். மின்னஞ்சல் மட்டும் போதாது. கடை கைமாறிய செய்தி பரவியதும் “எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது” என்று பொய் மின்னஞ்சல் அனுப்பிப் பணத்தைத் திருப்பிவிடும் கூட்டம் உண்டு.

ஜூன் 3

ஊழியர் கூட்டம். நான் எதிர்காலத் திட்டம் சொல்ல ஆரம்பித்ததும் சரக்கறை பார்க்கும் அக்கா கை தூக்கினார்.

“சம்பளம் எந்தத் தேதியில வரும் சார்? சேத்து வச்ச லீவு இருக்கே, அது என்ன ஆகும்?”

இதுதான் சரியான கேள்வி. சம்பளத் தேதி மாறாது, சேர்ந்த விடுப்பு அப்படியே தொடரும், இரண்டையும் எழுத்தில் தருகிறேன் என்றேன். வேலை நேரம் மாறுமா என்று இன்னொருவர் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை, மாதக் கடைசிக்குள் சொல்கிறேன் என்றேன். முடிவாகாததை முடிவாகவில்லை என்றே சொல்லிவிட வேண்டும். தெரியாத இடத்தை வதந்தி நிரப்பிவிடும்.

மூத்த மெக்கானிக் கடைசிவரை ஒன்றும் கேட்கவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

ஜூன் 6

சரக்குக் கணக்கெடுப்பு. கைமாறிய நாளில் இருந்த சரக்கு, வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி மூன்றையும் எண்ணி விலையைச் சரிக்கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. உற்பத்தியே நின்றுபோன மாடல்களின் உதிரிகள் மேல் தட்டில் நிறையக் கிடக்கின்றன. ஏட்டில் முழு விலையில் இருந்தவற்றை இருவரும் பேசி, பெருமளவு கழித்துவிட்டோம்.

ஜூன் 11

காலையில் ஒரு வாடிக்கையாளர் அழைத்தார். “வருஷா வருஷம் சீசனுக்கு முன்னாடி வந்து மெஷினை ஒரு தடவை சும்மா பாத்துக் கொடுப்பாரே, இந்தத் தடவை எப்ப வர்றீங்க?” என்றார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி கிடையாது.

பெரியவரை உட்காரவைத்து, பேரேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கேட்டேன். “இவங்களுக்கு இன்வாய்ஸ்ல முப்பது நாள்னு இருக்கும் தம்பி, ஆனா நாற்பத்தஞ்சு ஆனாலும் கேக்கமாட்டேன்.” “இவருக்கு ராத்திரி போன் வந்தாலும் ஆள் போகும்.” “இந்த உதிரியை இவருக்காக எப்பவும் ஒண்ணு ஒதுக்கி வைப்பேன்.” பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே இருந்தேன். மதியச் சாப்பாடு இருவருக்கும் மறந்தே போனது.

விலை பேசுவதற்கு முன் வரி ரசீது முதல் பழைய வழக்கு வரை எல்லாக் காகிதத்தையும் பார்த்தோம். இவை எந்தக் காகிதத்திலும் இல்லை, அவர் வாயில் இருக்கின்றன. ஆனால் வாடிக்கையாளர்கள் இங்கே வருவதே இவற்றுக்காகத்தான். வாக்கு கொடுத்தவர் விலகிவிட்டார், வாக்கு எங்களிடம் வந்துவிட்டது. முதல் மாதத்தில் வேறு எந்த வேலை தள்ளிப்போனாலும் இந்தப் பட்டியலை எடுப்பது தள்ளக்கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

பெரியவர் இப்படி ஒளிக்காமல் சொல்வதற்கு அவர் குணம் ஒரு காரணம். விலையில் அவருக்குப் பின்னால் கொடுக்கவேண்டிய பாக்கித் தொகையை நாங்கள் அமைத்த விதம் இன்னொன்று. பின்னால் கொடுக்கும் பங்கை விற்றுமுதலோடு கட்டினால் தள்ளுபடி கொடுத்தாவது விற்கத் தோன்றும். லாபத்தோடு கட்டினால் ஒவ்வொரு செலவுக்கும் சண்டை வரும். பழைய வாடிக்கையாளர்கள் தொடர்வதோடு கட்டினோம். அதனால் அவர்களை எங்களிடம் ஒழுங்காக ஒப்படைப்பதில் அவருக்கும் அக்கறை இருக்கிறது.

ஜூன் 20

கணக்கு மென்பொருளை உடனே மாற்றிவிடலாம் என்கிறார் பங்குதாரர். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதமாவது இரண்டும் சேர்ந்து ஓடட்டும், மாதக் கடைசிப் பாக்கிகள் இரண்டிலும் ஒத்துப்போன பிறகு பழையதை மூடலாம். உள்ளே நாம் எதை மாற்றினாலும் வாடிக்கையாளருக்குத் தெரிவது இன்வாய்ஸ் ஒன்றுதான். அது ஒருமுறை தப்பாகப் போனால், புதுக் கையில் எல்லாம் தப்பு என்றே பேச்சாகிவிடும்.

எங்கள் பழைய வாடிக்கையாளர் பட்டியலையும் இந்தப் பட்டறையின் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தபோது சில பெயர்கள் இரண்டிலும் இருந்தன. ஒரே ஆளுக்கு, ஒரே உதிரி, இரண்டு விலை. அவர்களுக்குக் குறைந்த விலையே போகும். அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருக்கப்போவதில்லை.

ஜூலை 1

சம்பளம் சொன்ன தேதியில் போய்விட்டது. அக்கா ரசீதில் விடுப்புக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

ஆனால் இரண்டு பக்கத்துச் சம்பளப் பட்டியல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு சங்கடம். ஒரே வேலை செய்கிற எங்கள் ஆளுக்கும் இங்குள்ள ஆளுக்கும் சம்பளம் வேறு. இரண்டு குழுவும் ஒரே வண்டியில் வேலைக்குப் போகிறவர்கள், இது மறைந்து இருக்காது. யாருக்கும் குறைக்கமாட்டோம், குறைவாக வாங்குகிறவர்களை ஒரு வருடத்துக்குள் மேலே கொண்டுவருகிறோம் என்று இன்று சொல்லிவிட்டோம். செலவுதான். இந்த இணைப்பால் மிச்சமாகும் என்று போட்ட கணக்கில் ஒரு பகுதி இதற்கே போகும். போகட்டும், நியாயமான செலவு.

மூத்த மெக்கானிக் இன்று வாய் திறந்தார். “நான் சத்தத்தை வச்சே பேரிங் போச்சான்னு சொல்லிடுவேன் சார். சின்னப் பசங்களுக்குக் கத்துக்கொடுக்கச் சொன்னா கொடுப்பேன். யாரும் கேட்டதில்ல.” உடனே கேட்டேன். எங்கள் பக்கத்து இளைஞர்கள் இரண்டு பேர் திங்கள்கிழமையிலிருந்து அவரோடு போகிறார்கள்.

ஜூலை 9

ஆடிட்டரோடு உட்கார்ந்தோம். கொடுத்த விலையைச் சொத்து வாரியாகப் பிரிக்க வேண்டும். சர்வதேசக் கணக்கியல் தரநிலையான ஐஎஃப்ஆர்எஸ் 3, தற்காலிக மதிப்புகளைச் சரிசெய்ய வாங்கிய நாளிலிருந்து அதிகபட்சம் 1 வருடம் தருகிறது. வாடிக்கையாளர் உறவைத் தனிச் சொத்தாக மதிப்பிட்டு எழுதலாம். ஆனால் பழகிய ஊழியர் குழுவைத் தனிச் சொத்தாகக் காட்டக்கூடாது என்கிறது அந்தத் தரநிலை. அது குட்வில், அதாவது தனித்தனியாகப் பிரித்துக் காட்ட முடியாத மதிப்பு, என்ற ஒரே வரிக்குள் போய்விடும்.

விதியின் காரணம் புரிகிறது. ஊழியர் யாருடைய சொத்தும் இல்லை, நாளைக்கே விலகலாம். ஆனாலும் மெக்கானிக்கின் காதுக்கு ஏட்டில் ஒரு வரி இல்லையே என்று எனக்கு ஆதங்கம்தான்.

ஜூலை 17

வாக்குகளின் பட்டியலைப் பங்குதாரரோடு முடித்துவிட்டேன். சீசனுக்கு முந்தைய இலவசப் பரிசோதனை தொடரும், பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகிறோம். இரவு அழைப்பும் தொடரும், முறை வைத்து, போகிற ஆளுக்குத் தனிப் படியோடு. நாற்பத்தைந்து நாள் தவணையை எல்லோருக்கும் தர முடியாது. சிலருக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்து முப்பதுக்குக் கொண்டுவருகிறோம். அதைச் சொல்ல நானும் பெரியவரும் நேரில் போகிறோம்.

இன்று போன முதல் இடத்தில் ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவது இடத்தில் பெரியவரைப் பார்த்து, “நீங்க சொல்றதா இருந்தா சரி” என்றார்கள். அந்த “நீங்க” எங்களுக்கு மாற இன்னும் நாளாகும். அதனால் பழைய பெயர்ப்பலகையை இந்த வருடம் முழுக்க இறக்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

கட்டடக்காரரின் சம்மதக் கடிதம் மாலையில் வந்தது. இனி மாதக் கடைசிப் பாக்கிகள் ஒத்துப்போனால் பழைய மென்பொருளை மூடிவிடலாம்.