இனிஷியல் தடுத்து வைத்த 78,000 ரூபாய்

நேற்று காலை பேங்க் மெசேஜ் வந்ததும் அம்மாவிடம்தான் முதலில் காட்டினேன். 78,000 ரூபாய் வரவு. வீட்டு மாடியில் சோலார் போட்டதற்கு மத்திய அரசு தரும் சூர்யா கர் மானியம், ஒருவழியாக! 3 கிலோவாட்டுக்கு அதுதான் உச்சம். அதற்கு மேல் எத்தனை பேனல் போட்டாலும் மானியம் ஒரு ரூபாய்கூட ஏறாது.

பூமியைக் காப்பாற்றும் ஆசையில் சோலாருக்குப் போகவில்லை. மதுரை வெயிலில் இரண்டு ஏசி ஓடும் வீடு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் 100-க்கு மேல் ஓடிய யூனிட்டுக்கே சலுகை விலை போய்விடுகிறது. 2024 ஜூலையில் கட்டணம் ஏறியதும் முடிவெடுத்துவிட்டேன்.

பேனல் மாட்ட இரண்டு நாள். பேப்பருக்கு நாலு மாதம்.

கனெக்‌ஷன் காலமான அப்பா பேரிலேயே இருந்தது. பத்து வருஷமாக நான்தான் கரண்ட் பில் கட்டுகிறேன், யாரும் கேட்டதில்லை. “அதெல்லாம் பாத்துக்கலாம் சார்” என்று அட்வான்ஸ் வாங்கிய சோலார் கம்பெனிக்காரர், விண்ணப்பம் போடும்போதுதான் “மொதல்ல பேர மாத்திட்டு வாங்க” என்றார். வாரிசுச் சான்றிதழ், தேனி அக்காவின் சம்மதக் கடிதம், அதற்கு ஒரு பஸ் பயணம். மாற்றி வந்த பேரில் இனிஷியல் பின்னால். பாஸ்புக்கில் முன்னால். ஆதாரில் அப்பா பேர் முழுசாக. ஒரே ஆள், மூன்று அவதாரம்! பேங்கில் திருத்தப் போன முதல் நாள் சர்வர் இல்லை. இரண்டாம் நாள் அந்த மேடம் லீவு.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன் கரண்ட் பில், ஆதார், பாஸ்புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கொட்டேஷனில் ‘டிசிஆர்’ பேனல் என்று எழுதி வாங்குங்கள். அதாவது பேனலும் அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவிலேயே செய்தவை, மானியம் அதற்குத்தான். எனக்கு முதலில் வந்த கொட்டேஷன் மலிவாக இருந்ததன் ரகசியம், அது டிசிஆர் இல்லை என்பதுதான்.

அம்மாவுக்கு வேறு கவலை, வடகம் காயப்போட இடம் போச்சே என்று. பேனலைத் தாங்கும் கம்பிகளை ஆள் நடமாடும் உயரத்துக்குத் தூக்கிப் போட்டோம். தனிச் செலவு. இப்போது வடகம் ஓரத்தில் காய்கிறது, காக்கா விரட்ட அம்மா பேனல் நிழலில் உட்காருகிறார்.

போன வாரம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் போனது. உச்சி வெயில், பேனல் தகதகக்கிறது, ஃபேன் ஓடவில்லை. பேட்டரி இல்லாத சோலார், லைன் செத்தால் தானும் நின்றுவிடும். லைன்மேன் பாதுகாப்புக்காக அப்படி. விளக்கிச் சொன்னேன்.

“ரெண்டு லட்சம் குடுத்துமா?” என்றார் அம்மா, விசிறியை எடுத்துக்கொண்டே.