சிடி ஆஞ்சியோ போதாதா என்று கேட்டேன்

விடியற்காலை மூன்று மணிக்கு அம்மா எழுப்பினார். "நெஞ்சுல கல்லத் தூக்கி வச்ச மாதிரி இருக்குடா." வாயுவாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு அதற்கு முன்பே ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. அம்மாவுக்கு வயது 64. 15 வருடமாகச் சர்க்கரை.

அவசரப் பிரிவில் எடுத்த ஈசிஜியில் பெரிய மாறுதல் இல்லை. அப்பாடா என்றேன். "ஈசிஜி நல்லா இருந்தா மட்டும் ஹார்ட் அட்டாக் இல்லன்னு சொல்ல முடியாது தம்பி" என்றார் டியூட்டி டாக்டர். ட்ரோபோனின் பார்த்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. முதல் முறை கொஞ்சம் கூடுதல். மூன்று மணி நேரம் கழித்துப் பல மடங்கு ஏறியிருந்தது.

கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு, சாயமருந்து செலுத்தி இதய ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோவை, அதற்கென்றே உள்ள கேத் லேபில் செய்யலாம் என்றார்கள். நான் பிடிவாதமாக, "சிடி ஆஞ்சியோ போதாதா?" என்று கேட்டேன். குழாய் விடாமல், ஊசி வழியே சாயமருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் அது. முந்தின வருடம் எனக்கு நெஞ்சு வலி வந்தபோது அதைத்தான் எடுத்தார்கள். நாடித்துடிப்பு 60-க்குப் பக்கத்தில் இறங்கும்வரை மெட்டோப்ரோலால் கொடுத்து உட்கார வைத்தார்கள். பிறகு நாக்குக்கு அடியில் ரத்தக்குழாயை விரிக்கும் நைட்ரோகிளிசரின், முழங்கை மடிப்பில் ஊசி. சாயமருந்து ஏறும்போது உடம்பெல்லாம் குப்பென்று சூடு பரவியது. சில நொடி மூச்சை அடக்கினேன், அவ்வளவுதான். ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மாவின் கையிலோ தொடையிலோ குழாய் விடுவதை நினைக்கவே பயமாக இருந்தது எனக்கு.

இதய மருத்துவர் ஒரு காகிதத்தில் ரத்தக்குழாய்களை வரைந்து காட்டினார். "உங்களுக்கு ரெண்டு ட்ரோபோனினும் நார்மல். அடைப்பு இருக்கான்னே சந்தேகம். இல்லன்னு உறுதி பண்ண சிடி ரொம்ப நல்ல டெஸ்ட். அம்மாவுக்கு அட்டாக் வந்தாச்சு. சர்க்கரை வேற. குழாயில சுண்ணாம்பு படிஞ்சிருந்தா சிடியில அடைப்பு இருக்கறதவிட பெருசாத் தெரியும். அதுல அடைப்பு தெரிஞ்சாலும் திரும்ப கேத் லேபுக்குத்தான் வரணும். கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியாட்டினின் 1.4, கொஞ்சம் கூடுதலா இருக்கு. சாயம் கிட்னிக்குச் சுமை. எதுக்கு ரெண்டு தடவை சாயம்?"

எனக்கு முதலிலேயே யாராவது இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. குழாய் விடாத பரிசோதனை என்றால் எல்லாருக்கும் நல்லது என்றே அதுவரை நம்பியிருந்தேன்.

ஒப்புதல் படிவம்தான் கஷ்டம். ரத்தக்கசிவு, பக்கவாதம், மரணம் என்று வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவைத்து, சலைன் ஏற்றினார்கள். வலது மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி. அம்மா விழித்தேதான் இருந்தார். இதயத்தின் இடது முன்பக்க ரத்தக்குழாயில் 90 சதவீத அடைப்பு. அதே வழியாகவே, அடைத்த இடத்தை விரித்துப் பிடிக்கும் சின்ன வலைக்குழாயான ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். மணிக்கட்டில் காற்றடைத்த பட்டையைக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை இறக்கினார்கள். ஒரு வாரம் அந்த இடம் கன்றிப் போயிருந்தது, வேறு தொந்தரவு இல்லை.

இப்போது ஸ்டென்டில் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரினும் டிக்காக்ரெலரும் தவறாமல் சாப்பிடுகிறார். போன மாதம் பல் பிடுங்கப் போன இடத்தில் இரண்டையும் ஐந்து நாள் நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். நிறுத்தவில்லை. இதய மருத்துவருக்குப் போன் போட்டோம். "ஸ்டென்ட் வச்சு வருஷம் ஆகல, நீங்களா நிறுத்தாதீங்க" என்றார். மாத்திரை சாப்பிட்டுக்கொண்டேதான் பல்லைப் பிடுங்கினோம். பஞ்சை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது.