எழுந்து போக முடியாதவரிடம்

டயாலிசிஸ் பிரிவில் எனக்கு இது பதினெட்டாவது வருடம். ஊசி குத்துவதற்கு முன்னால் நோயாளியின் கையில் பிஸ்டுலா இருக்கும் இடத்தில் விரல்களை வைத்துப் பார்ப்போம். இரண்டு ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடம் அது. நன்றாக வேலை செய்கிறதென்றால் விரலுக்கடியில் பூனை உறுமுவது போல ஓர் அதிர்வு ஓடும். அது தெரிந்ததும் ஒரு நொடி கண்ணை மூடுவேன். சத்தம் வராது, உதடு மட்டும் அசையும். அப்புறம்தான் ஊசியை எடுப்பேன்.

இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. முதல் வருடம் ஓர் ஆச்சிக்கு நான் குத்திய ஊசி குழாயின் மறுபக்கச் சுவரைத் துளைத்துவிட்டது. கண் முன்னாலேயே கை கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியது. “பரவால்ல தாயி, பழகிக்கோ” என்றார் ஆச்சி. அவர் திட்டியிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும். மறுநாளிலிருந்து ஒவ்வொரு கையையும் தொடும்போது அந்த ஆளின் பெயரைச் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தேன். “ஆண்டவரே, இவங்களுக்கு வலிக்க வேண்டாம்.” அவ்வளவுதான் ஜெபம்.

வாரத்துக்கு மூன்று நாள் வரும் அண்ணாச்சி ஒருவர் இதைக் கவனித்துவிட்டார். திருநெல்வேலி டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். நெற்றி நிறையத் திருநீறோடு வருவார். ஆனித் தேரோட்டம் நெருங்கினால் நெல்லையப்பர் கோயில் பேச்சைத் தவிர வேறு பேச்சு கிடையாது. ஒரு நாள் கையை நீட்டிக்கொண்டே, “சிஸ்டர், குத்துறதுக்கு முன்னாடி கண்ணை மூடி என்னமோ சொல்லுதீங்களே, என்னது?” என்றார்.

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ராத்திரி தூக்கமில்ல” என்று சொல்லிவிட்டேன்.

அது பொய். அன்று வீடு வரைக்கும் அது என்னோடு வந்தது.

நான் சும்மா பயந்தவள் அல்ல, சூடுபட்டவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சபையின் வாலிபர் கூட்டத்தில் கொடுத்த சுவிசேஷக் கைப்பிரதி ஒன்றை ஒரு பெரியவரின் தலைமாட்டில் வைத்தேன். மறுமுறை வந்தபோது அவர் மகன் அதை மடக்காமல் கசக்காமல் திருப்பிக் கொடுத்தார். “சிஸ்டர், தப்பா நினைக்காதீங்க. அப்பாவால எந்திரிச்சுப் போக முடியாது” என்றார். குரலை உயர்த்தவில்லை, மேலிடத்தில் புகார் செய்யவும் இல்லை. அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. 4 மணி நேரம் இரண்டு ஊசிகளோடு மெஷினில் கட்டிப்போட்ட மாதிரி கிடக்கிறவரிடம் நான் எதை நீட்டினாலும் அவர் வாங்கித்தான் ஆக வேண்டும். அடுத்த ஊசியையும் நான்தானே போடப் போகிறேன்! அவர் வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்?

அதற்கு முன்பே உள்ளே ஒரு கலக்கம் இருந்தது. நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 2002 அக்டோபரில், தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. 2004இல் அது திரும்பப் பெறப்பட்டாலும், “ஆஸ்பத்திரியில வாயைத் திறக்காதே” என்று அம்மா சொன்னது மட்டும் மாறவில்லை. விசுவாசத்தை அறிக்கையிடவும் பரப்பவும் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு உரிமை தருகிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அந்த மகன் சொன்னது சட்டத்தைப் பற்றியதல்ல, அவருடைய அப்பாவைப் பற்றியது. அது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். என் தவறு வேறு இடத்தில் இருந்தது. கேட்காதவரிடம் நீட்டியது தவறு என்று புரிந்துகொண்ட நான், கேட்டவரிடமும் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் ஓர் உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் கிளாரிந்தா ஆலயத்தைக் கடந்து போனேன். 1785இல் கிளாரிந்தா என்ற பெண் கட்டிய ஆலயம். ஊரில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றும் சொல்வார்கள். 1780இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் காலத்துச் சபைப் பதிவேட்டில் இருந்தவர்கள் 40 பேர், அதில் முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. சின்ன வயதிலிருந்தே கேட்ட கதைதான். அன்றைக்குத்தான் வேறு மாதிரி உறைத்தது. ஒரு கைம்பெண், சொந்தச் சாதியார் ஒதுக்கிய பெண், யாரோ கேட்டபோது “ஒண்ணுமில்ல” என்று சொல்லியிருந்தால்?

ராத்திரி வேதத்தை எடுத்து 1 பேதுரு 3:15ஐ வாசித்தேன். “உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்.” மனப்பாட வசனம்தான். ஆனால் “கேட்கிற யாவருக்கும்” என்ற இடத்தில் நின்றுவிட்டேன். எழுதினவர் இயேசுவின் சீடர் பேதுரு. ஒரு வேலைக்காரப் பெண் கேட்டதற்கு “அவரை அறியேன்” என்று சொன்ன அதே பேதுரு. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணாச்சி மறுபடி கேட்பாரா என்று மூன்று வாரம் காத்திருந்தேன். ஒரு நாள் அவருக்குக் கெண்டைக்காலில் தசை இழுத்துக்கொண்டது. பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கி அழுத்திக்கொண்டிருந்தேன். வலி இறங்கியதும், “இப்பவும் முணுமுணுத்தீங்க” என்றார்.

“ஜெபம் பண்ணினேன் அண்ணாச்சி. உங்களுக்கு வலி போகணும்னு இயேசுகிட்ட கேட்டேன்.”

“என் பேரைச் சொல்லியா?”

“பேரைச் சொல்லித்தான்.”

கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எட்டு மாசமாவா?” என்றார். ஆமாம் என்றேன். ஆச்சியின் கை வீங்கியதையும், மறுநாளிலிருந்து நான் ஜெபிக்க ஆரம்பித்ததையும் சொன்னேன். கூட்டங்களில் கற்றுக்கொடுத்த எதுவும் நினைவுக்கு வரவில்லை, தேவைப்படவும் இல்லை. எனக்கு நடந்ததைச் சொன்னேன், என் குரல் நடுங்கவில்லை.

அதற்குப் பிறகு அவரே கேட்பார். அவர் நெல்லையப்பரைப் பற்றிச் சொல்லும்போது நானும் கேட்பேன். இன்றும் திருநீறோடுதான் வருகிறார். அதைப் பற்றி நான் எதுவும் சொன்னதில்லை. அவரோடு பேசுகிறவர் ஆண்டவர் என்று நம்புகிறேன்.

தாகம்தான் இந்த நோயாளிகளின் பெரிய கொடுமை. ரத்தத்தைச் சுத்தப்படுத்த, தலைமாட்டில் நிற்கும் மெஷினில் 4 மணி நேரத்தில் ஏறக்குறைய 120 லிட்டர் தண்ணீர் ஓடிவிடும். சிறுநீர் சரியாகப் பிரியாததால், படுத்திருப்பவருக்கு ஒரு வாய்த் தண்ணீருக்கும் கணக்கு. அண்ணாச்சிக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள்ளேயே. ஒரு சித்திரை வெயிலில் ஐஸ் துண்டு ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு, “உங்க சாமிக்கு இந்தத் தவிப்பெல்லாம் எங்க தெரியப்போவுது சிஸ்டர்” என்றார்.

“தெரியும் அண்ணாச்சி. சிலுவையில தொங்கும்போது ‘தாகமாயிருக்கிறேன்’னு சொன்னாரு.”

“சாமியா சொன்னாரு?”

“அவரேதான்.”

“யாராச்சும் தண்ணி குடுத்தாங்களா?”

“தண்ணி இல்ல. பஞ்சு மாதிரி இருக்கிற கடற்காளானைப் புளிச்ச காடியில தோய்ச்சு வாய்கிட்ட நீட்டினாங்க.”

“காடியா!” முகத்தைச் சுளித்தார். ஐஸ் துண்டை நாக்கால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளினார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை. நேரம் முடிந்து மெஷின் அடித்தது. ஊசிகளைக் கழற்றி, ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை எடை பார்க்கும் மேடையில் நின்றபடியே கேட்டார். “சிஸ்டர், அந்தக் காடியைக் குடுத்தவன் யாரு?”

அவருக்கு ஊசி போட்டு, பக்கத்துப் படுக்கைக்கு ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.