ஊருக்கு ஊர் ரேட்

அன்றைக்கு நான் சொன்ன பதிலில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் மனசில் நெருடிக்கொண்டே இருக்கிறது. எழுதினாலாவது தெளிகிறதா என்று பார்க்கிறேன்.

கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை ஹோட்டலாக மாற்றும் வேலை. நான் சைட் சூப்பர்வைசர். சனிக்கிழமை சம்பளம். வவுச்சரில் கையெழுத்துப் போடக் குனிந்த பிளம்பர் அண்ணன், பேனாவைப் பிடித்தபடியே மேல் வரிகளைப் படித்துவிட்டார். சென்னையிலிருந்து வந்த பிளம்பருக்கு நாளுக்கு 1,300. அவருடைய ஹெல்பர் பையனுக்கு 900. அதற்குக் கீழே இவர் பெயர், 850.

“தம்பி, அந்தப் பையன் இப்பத்தான் பசை தடவவே பழகுறான்” என்றார்.

“ஊருக்கு ஊர் ரேட் வேறதானண்ணே.”

“ஊரு வேறதான். சுவரு ஒண்ணுதானே தம்பி?”

அவ்வளவுதான் பேச்சு. பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை வழக்கம்போல வந்தார். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கூட்டிக் கொடுங்கள் என்றுகூட அவர் கேட்கவில்லை.

850 என்பது நான் வைத்த ரேட் இல்லை. கூப்பிட்டபோது அவரே சொன்னது. காரைக்குடிப் பக்கம் அப்போது நடப்பும் அதுதான். நான் ஒரு ரூபாய் குறைத்துப் பேசவில்லை. சென்னை ஆட்கள் வீட்டைவிட்டு வந்து தங்குகிறவர்கள். அங்கே கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கொடுத்தால்தான் பை தூக்குவார்கள். பிரஷர் பம்ப், தண்ணீரை ஷவருக்கும் குழாய்க்கும் மாற்றிவிடச் சுவருக்குள் புதைக்கிற டைவர்ட்டர், ஹீட் பம்ப் லைன் எல்லாம் அவர்களுக்குக் கைவந்த வேலை, அண்ணனுக்கு அதில் பழக்கம் குறைவு. ரேட்டை முடிவு பண்ணியதும் சென்னை ஆபீஸ்தான். இதில் எதுவும் பொய்யில்லை.

ஆனால் அந்தச் சுவர் விஷயத்தில் என்னால் வாய் திறக்க முடியவில்லை.

இந்தப் பக்கத்துப் பழைய வீட்டுச் சுவர் செங்கலும் சுண்ணாம்பும். அடுக்கடுக்காகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியிருப்பார்கள். கை வைத்தால் வழுக்கும். பைப் புதைக்கச் சென்னை பிளம்பர் கட்டிங் மெஷினை வைத்ததும் காடி விழுந்தது இரண்டு விரல் அகலம், பூச்சு பெயர்ந்தது ஒரு முறம் அகலம். அண்ணன்தான் ஓடிவந்து மெஷினை நிறுத்தச் சொன்னார். விரல் கணுவால் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். ‘பொத்’தென்று கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டார். பிடிப்பு விடாத இடமாகப் பார்த்து, ஓரத்தை முதலில் பிளேடால் கீறி, சின்ன உளியை உள்பக்கமாகச் சாய்த்து வைத்துத் தட்டித் தட்டி எடுத்தார். மெதுவான வேலைதான். பக்கத்துப் பூச்சில் ஒரு விரிசல் இல்லை. சென்னை பிளம்பரும் நல்ல மனிதர், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொண்டார்.

அப்புறம், வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டில் பழைய சுவரைத் தொடவே வேண்டாம், பாத்ரூமுக்குப் புதிதாகக் கட்டுகிற தடுப்புச் சுவரிலேயே லைனைக் கொண்டுபோகலாம் என்று வழி சொன்னதும் அண்ணன்தான். வாஷ்பேசின் தண்ணீரை முற்றத்து வடிகாலில் விடுவதாக வரைபடத்தில் இருந்தது. அதற்கு அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அந்த வடிகால் மழைத்தண்ணீருக்காக வைத்தது, நேராக ஊருணிக்குப் போகிறது என்று சொல்லி மாற்ற வைத்தார். பெயர்ந்துபோன அந்த ஒரு முறம் பூச்சைச் சரிசெய்ய ஆள் தேடி அலைந்ததையும் ஆன செலவையும் பார்த்தால், 450 ரூபாய் வித்தியாசம் ஒரு பேச்சே இல்லை. அதையெல்லாம் எந்த வவுச்சரில் எழுதுவது?

நாள் கூலியை மட்டும் வைத்து பிளம்பர் வருமானத்தைச் சொல்லிவிடவும் முடியாது. சென்னை, கோயம்புத்தூரில் அபார்ட்மெண்ட் வேலை ஓயாது. பாத்ரூமுக்கு இவ்வளவு, பாயிண்டுக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட் எடுக்கிறவருக்கு மாதம் முழுக்க வேலை ஓடும். எங்கள் பக்கம் எத்தனையோ வீடு பூட்டிக் கிடக்கிறது. கல்யாணம், முன்னோருக்குப் போடுகிற படைப்பு, கும்பாபிஷேகம் என்று வெளியூரிலிருந்து வீட்டுக்காரர்கள் வரும்போதுதான் போன் வரும். ஒரு வருஷம் திறக்காத குழாயில் வாஷர் காய்ந்து வெடித்திருக்கும். ஃபுட் வால்வு இறுகி, மோட்டார் தண்ணீர் எடுக்காது. எல்லா வீட்டுக்காரரும் ஒரே வாரத்தில் அண்ணனைத் தேடுவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புது வேலை தொடங்க மாட்டார்கள். பைப் கடையில் கிடைக்கிற கமிஷனையும் சேர்த்துத்தான் அவர் வருஷத்தை ஓட்டுகிறார். சென்னையில் வாடகை அதிகம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டிரில்லிங் மெஷினும் பெட்ரோலும் காரைக்குடியில் பாதி விலைக்குக் கிடைப்பதில்லை.

அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கிறது, 1948-ஆம் வருஷச் சட்டத்திலிருந்து வருகிற நடைமுறை. இதற்குக் கீழே போகக்கூடாது என்று மட்டும்தான் அது சொல்லும். நூறு நாள் வேலைக்கு மாநிலம் முழுக்க ஒரே கூலி அறிவித்தார்கள்: 2024-25-ல் 319 ரூபாய், 2025-26-ல் 336. சிவகங்கை மாவட்டம் என்பதற்காகக் குறைக்கவில்லை. மண் வெட்டுகிறவருக்கு ஊர் பார்க்கவில்லை, குழாய் மாட்டுகிறவருக்கு மட்டும் பார்க்கிறோம் என்று யோசிக்கும்போது கோபமாகத்தான் வருகிறது.

சரி, எல்லா இடத்திலும் சென்னை ரேட் என்று வைத்துக்கொண்டால்? பள்ளத்தூரில் தனியாக இருக்கிற ஒரு ஆச்சி, குழாய் ஒழுகினால் அண்ணனைத்தான் கூப்பிடுவார். அந்த ரேட் என்றால் குழாய்க்கடியில் வாளியை வைத்துக்கொண்டு நாளை ஓட்டிவிடுவார். ஹோட்டலுக்கு ஒரு ரேட், ஆச்சிக்கு ஒரு ரேட் என்று அண்ணனே வாங்கிக்கொள்ளலாம். வாங்க மாட்டார். எனக்குத் தெரியும்.

அடுத்த வேலை தேவகோட்டையில். எஸ்டிமேட்டில் அண்ணனுக்கு 1,200 போட்டு அனுப்பினேன். உள்ளூர் ஆளுக்கு எதற்கு இவ்வளவு என்று ஆபீஸில் கேட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் வேலை தெரிந்தவர் என்றேன். அப்படியானால் சென்னை ஆள் எதற்கு, அவரை நிறுத்திவிடலாமே என்கிறார்கள். நான் கேட்டது அது இல்லை. இதற்கிடையில் விஷயம் எப்படியோ கொத்தனார் காதுக்கும் போய், அவரும் தன் ரேட்டைப் பற்றிக் கேட்டுவிட்டார். அவரும் அதே சுவரில்தான் வேலை செய்கிறார். அவருக்கு என்ன போடுவது என்று இன்னும் முடிவு பண்ணவில்லை.